கூடைப்பந்தில் லூஸ் பாலுக்குப் பாயும் முன்: அடிபடாமல், விசில் வாங்காமல் பந்தை எடுக்க ஒரு முழு வழிகாட்டி

"சார், பாலோட எந்திரிச்சா டிராவலுங்களா?"

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட கோர்ட்டில், ஒன்பதாவது படிக்கிற பையன் சிமெண்ட் தரையில் பந்தைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தபடியே என்னிடம் கேட்டது இது. அதற்குள் அவன் மேல் இரண்டு பேர் விழுந்தாகிவிட்டது, மூன்றாவது ஆள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தான். ஆமாம் கண்ணு, டிராவல்தான் (பந்தைப் பிடித்தபடி விதிக்கு மீறி நகர்வது) என்று சொல்லி விசில் ஊதி எல்லாரையும் பிரித்து எழுப்பினோம். பந்து அவன் கையில்தான் இருந்தது, ஆனால் ஒரு சுண்டுவிரல் வீங்கிப் போயிருந்தது.

சாயங்கால வேளைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஊர்ப் போட்டிகளில் விசில் பிடிப்பதுமாக இருக்கிற ஆள் நான். நான் பார்த்த வரைக்கும் லூஸ் பாலில், அதாவது யார் கையிலும் நிற்காமல் உருள்கிற பந்துக்கான போட்டியில், படும் அடிகளில் பாதிக்கு மேல் பாய்ந்ததால் வந்தவை இல்லை, பாய்ந்த பிறகு என்ன செய்யலாம் என்று தெரியாததால் வந்தவை. இழுக்க வேண்டிய தேவையே இல்லாத பந்தை இழுக்கிறார்கள், எழக் கூடாத நேரத்தில் எழுகிறார்கள், கிடைக்கவே கிடைக்காத டைம் அவுட்டுக்குக் கத்துகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் விதியையும் உடம்பையும் சேர்த்தே எழுதுகிறேன். நம் பள்ளி, கல்லூரி, மாவட்டப் போட்டிகளிலும் கோவை நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை மாதிரி பெரிய போட்டிகளிலும் ஆடப்படுவது ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதி, இங்கே சொல்வதும் அதுதான். டிவியில் பார்க்கும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ வேறு. அந்தக் குழப்பம் எங்கெங்கே வருகிறது என்று போகிற போக்கில் சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு முன்னால்: தரை, நகம், காப்பு

நம்ம பக்கம் பெரும்பாலும் வெட்டவெளி சிமெண்ட் கோர்ட். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று கிளம்பிவிட்டால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கோர்ட் முழுக்க மண் படிந்துவிடும். காய்ந்த சிமெண்டில் மெல்லிசாகப் படிந்த மண் எண்ணெய் மாதிரி வழுக்கும், சாரல் வேறு அடித்தால் கேட்கவே வேண்டாம். எனவே முதல் வேலை துடைப்பம். எங்கள் பிள்ளைகள் வார்ம் அப்புக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் கூட்டிவிட்டுத்தான் பந்தைத் தொடுவார்கள்.

அடுத்தது கோடுகளுக்கு வெளியே. கோர்ட் 28க்கு 15 மீட்டர், அதைச் சுற்றி இன்னும் 2 மீட்டருக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது, உட்கார்ந்திருக்கும் சப்ஸ்டிட்யூட் ஆட்கள் உட்பட, என்று விதி சொல்கிறது. நம்ம பள்ளிக்கூடங்களில் அந்த 2 மீட்டருக்குள்தான் கொடிக்கம்ப மேடை, வாத்தியார் பைக், தண்ணீர் கேன், புத்தகப்பை எல்லாம் இருக்கும். நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள். முடியாததை, உதாரணத்துக்குக் கொடிக்கம்ப மேடையை, இரண்டு அணிகளிடமும் காட்டி "அந்தப் பக்கம் போற பாலை விட்டுருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போர்டு கம்பத்துக்கு மெத்தை இல்லையென்றால் பழைய கோணிச் சாக்கில் தேங்காய் நார் திணித்துக் கட்டலாம், நாங்கள் பல வருடம் அப்படித்தான் ஆடினோம்.

அப்புறம் நகம். ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. மோதிரம், காப்பு, செயின், வாட்ச், கம்மல், தலைக் கிளிப் எதுவும் ஆகாது. கம்மலைக் கழற்றச் சொன்னால் "காது தூந்து போயிருமுங்க சார்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் எந்தக் காதும் தூர்ந்துவிடாது, ஆனால் கீழே புரளும்போது கம்மல் அடுத்தவர் விரலில் மாட்டினால் காது கிழியும். மெத்தென்ற முட்டிக் கவசம் போட்டுக்கொள்ளலாம். கையிலும் முழங்கையிலும் கெட்டியான பிளாஸ்டிக்கோ உலோகமோ இருக்கிற கவசத்துக்கு அனுமதி கிடையாது.

பந்து கையை விட்டுப் போன அந்த ஒரு நொடி

பந்து உருள்கிறது. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பந்தை மட்டும் இல்லை, பந்துக்குப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார் என்பதையும். எதிராளி ஒரு எட்டிலும் நீங்கள் மூன்று எட்டிலும் இருந்தால் அந்தப் பந்து அவருடையது, நீங்கள் பாய்ந்தால் கிடைக்கப் போவது அவருடைய முட்டிதான். அப்போது செய்ய வேண்டிய வேலை, அவர் எடுத்து எங்கே பாஸ் கொடுப்பாரோ அந்த வழியில் போய் நிற்பது. இரண்டு பேருக்கும் சம தூரம் என்றால் "பால்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் உங்கள் அணியின் இரண்டு பேரே மோதிக்கொள்வீர்கள், அது அடிக்கடி நடக்கிறது.

குனிகிற விதம் ரொம்ப முக்கியம். காலை நேராக வைத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் மடக்கி, தலையை முன்னால் நீட்டி எடுப்பவர்கள்தான் அதிகம். எதிரிலிருந்து இன்னொருவரும் அதே மாதிரி வந்தால் தலையும் தலையும் முட்டும். கோயிலில் சிதறு தேங்காய் விடுகிற சத்தம் கேட்கும், நான் கேட்டிருக்கிறேன். எனவே நேராகப் போகாமல் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து போங்கள். முட்டியை மடக்கி இடுப்பை இறக்குங்கள், ஒரு காலைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றி, எதிராளிக்கும் பந்துக்கும் நடுவில் உங்கள் இடுப்பு வருகிற மாதிரி உட்காருங்கள். கண் மேலே பார்க்கட்டும். இரண்டு கையாலும் பந்தை அள்ளி வயிற்றோடு சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அள்ள முடியாத நெருக்கடியா? தட்டிவிடுங்கள். இது பலருக்குத் தெரியாத சங்கதி. பந்து உங்கள் கட்டுப்பாட்டில் வராத வரைக்கும், கூட்டத்தின் நடுவிலிருந்து அதை எடுப்பதற்காகத் தட்டுவது டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) கணக்கில் வராது. இரண்டு தட்டுத் தட்டிக் காலியான இடத்துக்குத் தள்ளி, அங்கே போய் எடுத்து, அப்புறம் தாராளமாக டிரிபிள் பண்ணலாம். நாலு பேர் மொய்க்கிற பந்தை உடும்புப் பிடியாகப் பிடிப்பதைவிட, நம்ம ஆள் நிற்கிற பக்கம் ஒரு விரலால் தட்டிவிடுகிற பிள்ளையைத்தான் நான் கெட்டிக்காரப் பிள்ளை என்பேன்.

ஆனால் டிரிபிளை முடித்துப் பந்தைக் கையில் பிடித்த பிறகு நழுவவிட்டிருந்தால் கணக்கு வேறு. நழுவிய பந்தை நீங்களே போய் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் நடுவில் வேறு யார் மேலும் படாமல் திரும்ப உங்களிடமே வந்திருந்தால் மறுபடி டிரிபிள் பண்ணக் கூடாது, பாஸோ ஷாட்டோதான். வேறொரு ஆட்டக்காரர் மேல் பட்டு வந்திருந்தால் புதிதாக டிரிபிள் தொடங்கலாம்.

பாயலாமா?

மரத்தரையில் பாயலாம். சிமெண்டில், என்னைக் கேட்டால், பாய வேண்டாம். என் இடது முழங்கையில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது, கல்லூரி நாளில் ஏற்கெனவே 14 பாயிண்ட் பின்தங்கியிருந்த ஒரு ஆட்டத்தில் பாய்ந்து எடுத்த பந்தின் ஞாபகார்த்தம். அந்தப் பந்தை எடுத்து என்ன செய்தேன் என்று சுத்தமாக நினைவில்லை.

பாய்ந்தே தீர வேண்டும் என்றால், கையை விறைப்பாக நீட்டித் தரையில் ஊன்றாதீர்கள். மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் முறிவது அப்படித்தான். முதலில் தாழ்ந்து, தொடையின் பக்கவாட்டிலும் இடுப்பிலும் இறங்கி, உடம்பை நீளமாக்கிச் சறுக்க வேண்டும். முட்டியும் முழங்கையும் கடைசியாகத்தான் தரையைத் தொட வேண்டும். முக்கியமாக, நின்றுகொண்டிருக்கும் எதிராளியின் கால்களை நோக்கிப் பாயவே கூடாது. நீங்கள் பந்தைத் தொட்டிருந்தாலும் அவர் முட்டி உள்பக்கமாக மடங்கினால் அவர் ஆட்டம் அத்தோடு போச்சு.

எது ஃபவுல், எது இல்லை

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவரைச் சுற்றி ஒரு கற்பனை உருளை இருக்கிறது, முன்னால் உள்ளங்கை வரை, பின்னால் பின்புறம் வரை, பக்கவாட்டில் கை கால்களின் வெளி விளிம்பு வரை. லூஸ் பால் என்பதற்காக அந்த உருளை காணாமல் போய்விடுவதில்லை. முதலில் இடம் பிடித்தவரைத் தள்ளி எடுத்தால், சட்டையைப் பிடித்தால், கீழே கிடப்பவர் மேல் போய் விழுந்தால் எல்லாம் ஃபவுல்தான். பந்துக்கே போகாமல் ஆளைப் பிடித்தாலோ, பந்துக்குத்தான் போனாலும் அளவுக்கு மீறி மோதினாலோ அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல்: 2 ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடையில் போடும் வாய்ப்பு), அதற்கு மேல் பந்தும் எதிரணிக்கே. ஒரே ஆட்டத்தில் அது இரண்டு வாங்கினால் வெளியே போக வேண்டியதுதான்.

பந்தை எடுத்தவுடன் முழங்கையை அகல வீசி ஆட்களை விரட்டுகிற பழக்கம் சில பெரிய பையன்களிடம் உண்டு. யார் மேலும் படாவிட்டாலும் அதற்கு டெக்னிக்கல் ஃபவுல் (மோதல் இல்லாத நடத்தைத் தப்பு) கொடுக்க விதி இருக்கிறது. "யாரு மேலயும் படலீங்களே சார்" என்று வாதாடுவதில் பிரயோசனம் இல்லை. பந்தை அசைக்க வேண்டுமென்றால் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துத் தாடைக்குக் கீழே பிடித்து, காலை ஊன்றித் திரும்புங்கள்.

மறுபக்கம், எதிராளியின் தலைக்கு மேலே கையை நீட்டி, அவரைத் தொடாமல் பந்தை எடுத்தால் அது ஃபவுலே இல்லை. "பின்னாலிருந்து எடுத்துட்டான்" என்று பெஞ்சிலிருந்து கத்துகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டு பேரும் பிடித்துவிட்டால்

இங்கேதான் விரல்கள் போகின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எதிரெதிர் அணி ஆட்கள் பந்தில் கையை இறுக்கமாக வைத்து, முரட்டுத்தனம் இல்லாமல் யாரும் எடுக்க முடியாத நிலை வந்துவிட்டால் அது ஹெல்ட் பால். நடுவர் இரண்டு கட்டைவிரலையும் மேலே தூக்குவார். நம்ம ஊரில் இன்னும் இதை ஜம்ப் பால் என்றுதான் சொல்வோம், ஆனால் ஃபீபா ஆட்டத்தில் தொடக்கத்தில் மட்டும்தான் நடுவர் மேலே எறியும் பந்துக்குக் குதிப்பது. அதற்கப்புறம் எல்லாம் ஸ்கோர் எழுதுகிற டேபிளில் இருக்கும் அம்புக்குறி பார்த்துத்தான். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்கு த்ரோ-இன் (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது), அது முடிந்ததும் அம்பு திரும்பிவிடும். என்பிஏவில் நிஜமாகவே இரண்டு பேரையும் குதிக்க விடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் குதிக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. அணிக்கு மூன்று பேர் ஆடும் த்ரீ ஆன் த்ரீ ஆட்டத்தில் அம்பே கிடையாது, தடுக்கிற அணிக்குப் பந்து.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. ஆட்டம் நடக்கும்போதே அம்பு எந்தப் பக்கம் என்று ஒரு கண் வைத்திருங்கள். உங்கள் பக்கம் காட்டினால் பந்தை விடாமல் அசையாமல் பிடித்திருந்தாலே போதும், விசில் ஊதியதும் பந்து உங்களுடையது, எதற்கு இழுத்துச் சுற்ற வேண்டும்? எதிர்ப்பக்கம் காட்டினால் ஒரே ஒரு தடவை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், வரவில்லையென்றால் விட்டுவிட்டுத் தடுக்கப் போங்கள். விசில் ஊதிய பிறகு பந்து செத்த பந்து. அதன் பிறகும் முறுக்கிக்கொண்டிருப்பதில்தான் விரல் பிசகுவது, அதிலிருந்துதான் வாய்ச்சண்டையும்.

விசில் பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்து இறுகிவிட்டது என்று தெரிந்த கணமே ஊதுங்கள். "பார்க்கலாம், யாராவது எடுப்பான்" என்று நீங்கள் யோசிக்கிற அந்த இரண்டு நொடியில்தான் மூன்றாவது, நாலாவது ஆள் வந்து விழுகிறார்.

கீழே கிடக்கிறீர்கள், பந்து கையில்

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். பந்தோடு விழுந்து, அந்த வேகத்தில் சறுக்கிக்கொண்டு போனால் டிராவல் இல்லை. படுத்த நிலையிலோ உட்கார்ந்த நிலையிலோ பந்தைக் கைப்பற்றினாலும் தப்பில்லை. அதற்கப்புறம் பந்தைப் பிடித்தபடி உருண்டாலோ, எழ முயன்றாலோதான் டிராவல். முழுசாக எழுந்து நிற்க வேண்டும் என்றில்லை, முயன்றாலே விசில்.

அப்படியானால் வேறு என்னதான் செய்வது? படுத்தபடியே பாஸ் கொடுக்கலாம். ஷாட் கூடப் போடலாம், விழுமா என்பது வேறு விஷயம். படுத்தபடியே டிரிபிள் தொடங்கலாம், பந்தைத் தட்டிக்கொண்டே எழுந்து நிற்கலாம், அது முழுக்கச் சரி. டிரிபிளை ஏற்கெனவே முடித்துவிட்டுப் பந்தோடு விழுந்தவருக்கு மட்டும் அந்த வழி இல்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இந்த வரிசை: பந்தை வயிற்றில் அணை, தலையைத் தூக்கிப் பார், நம்ம ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பக்கம் பாஸ் கொடு. நின்றுகொண்டிருக்கும் கூட்டாளிகளின் வேலை மேலே வந்து குவிவது இல்லை, மூன்று நாலு எட்டுத் தள்ளி நின்று "இக்கட்ட, இக்கட்ட" என்று கூப்பிடுவது. பாஸுக்கு ஆள் இல்லையா, பந்தை விடாமல் அப்படியே இருங்கள். எதிராளி கையை வைத்தால் ஹெல்ட் பால், மேலே விழுந்தால் அவர் ஃபவுல். எழ முயன்றாலோ உருண்டாலோ நஷ்டம் உங்களுக்கு.

"டைம் அவுட்!" என்று தரையிலிருந்து கத்துவது டிவி தந்த பழக்கம். என்பிஏவில் பந்தை வைத்திருக்கும் ஆட்டக்காரர் கேட்கலாம். ஃபீபாவில் பயிற்சியாளரோ உதவிப் பயிற்சியாளரோதான் டேபிளில் கேட்க முடியும், அதுவும் பந்து உயிரோடு புரண்டுகொண்டிருக்கும்போது கிடைக்காது. கத்துகிற நேரத்தில் பாஸ் கொடுத்திருக்கலாம்.

கோட்டுக்கு வெளியே போகிற பந்து

1891 டிசம்பரில் நைஸ்மித் எழுதிய 13 விதிகளில், வெளியே போன பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடரும் உரிமை அதை முதலில் தொட்டவருக்கே என்று இருந்தது. விளைவை நீங்களே ஊகிக்கலாம், பந்து வெளியே போனதும் ஒரே முண்டியடிப்பு. அதைத் தடுக்க அமெரிக்காவில் கோர்ட்டைச் சுற்றிக் கம்பிக் கூண்டு கட்டி ஆடினார்கள், நம் ஆங்கில நாளிதழ்கள் இன்றைக்கும் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைக் கேஜர்ஸ் என்று எழுதுவது அந்தக் கூண்டினால்தான். இப்போது யார் மேல் கடைசியாகப் பட்டதோ அவருடைய எதிரணிக்குப் பந்து, அவ்வளவுதான். யார் மேல் பட்டது என்று நடுவர்களுக்கே தெரியாவிட்டால் மறுபடி அம்புதான்.

கோடும் வெளிதான். கோட்டில் கால் வைத்தபடி பந்தைத் தொட்டால் அவுட், தப்பு உங்களுடையது. உள்ளே இருந்து எம்பி, காற்றில் இருக்கும்போதே பந்தை உள்ளே எறிந்துவிட்டு வெளியே இறங்கினால் சரி. எறியும் முன் ஒரு கணம் பாருங்கள், நாம் காக்கிற கூடைக்கு அடியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எறியாதீர்கள், எதிராளிக்குப் பாயசம் ஊட்டுவது மாதிரி அது. உங்கள் அணி முன்பாதியில் (நீங்கள் பந்து போட வேண்டிய கூடை இருக்கும் பாதி) பந்தை வைத்திருந்து நழுவவிட்ட சமயம் என்றால், அதைக் காப்பாற்றுகிற சாக்கில் உங்கள் பின்பாதிக்கு எறிந்து உங்கள் ஆளே எடுத்தால் அதுவும் விசில்தான். வேகத்தில் வெளியே ஓடும்போது கம்பமோ சுவரோ எதிரே தெரிந்தால் பந்தை விட்டுவிடுங்கள்.

கால் பட்டால்?

தெரியாமல் பட்டால் ஒன்றுமில்லை, ஆட்டம் தொடரும். வேண்டுமென்றே உதைத்தாலோ காலால் மறித்தாலோ தப்பு. கூட்டத்தில் புரளும் பந்தைக் காலால் தட்டப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் விரலைத்தான் மிதிக்கிறார்கள்.

ஃபவுல் ஆனால் கணக்கு எப்படி

என்பிஏவில் லூஸ் பால் ஃபவுல் என்று தனிப் பெயரே உண்டு, ஃபீபாவில் அப்படி ஒன்று இல்லை. உங்கள் அணியிடமிருந்து நழுவி உருள்கிற பந்து, எதிரணி அதைக் கைப்பற்றும் வரை உங்கள் அணியின் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே கணக்கு. ஷாட் போடத் தரும் 24 நொடி ஓடிக்கொண்டேதான் இருக்கும், எதிராளி சும்மா தட்டிவிட்டால் திரும்பத் தொடங்காது. அந்த நேரத்தில் நீங்கள் தள்ளினால் பந்து எதிரணிக்கு, ஃப்ரீ த்ரோ கிடையாது. எதிராளி தள்ளினால், அந்தக் குவார்ட்டரில் அவர்களுக்கு அது ஐந்தாவது ஃபவுலோ அதற்கு மேலோ என்றால் உங்களுக்கு 2 ஃப்ரீ த்ரோ. ஷாட் போட்ட பிறகு ரிங்கில் பட்டுத் தெறிக்கும் பந்து யாருடையதும் இல்லை, அப்போது யார் தள்ளினாலும் இந்த ஐந்தாவது ஃபவுல் கணக்கு பொருந்தும்.

அடிபட்டுவிட்டால்

ரத்தம் வந்தால் வெளியே வந்தே ஆக வேண்டும், ரத்தம் நின்று, காயத்தை மூடிக் கட்டிய பிறகுதான் திரும்பலாம். சிராய்ப்பை முதலில் ஓடுகிற தண்ணீரிலும் சோப்பிலும் மண் போகக் கழுவுங்கள், எரிந்தாலும் பரவாயில்லை. காப்பித்தூள் அப்புவது, பக்கத்து வேலியிலிருந்து பச்சிலை பறித்துக் கசக்கி விடுவது எல்லாம் வேண்டாம். ஆத்தா காலத்து வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் கோர்ட்டோரத்து இலையில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? டி.டி. ஊசி போட்டு எத்தனை நாளாச்சு என்றும் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரல் பிசகினால் உடனே ஒருத்தர் "குடு, சொடக்கு எடுத்து விடறேன்" என்று கிளம்புவார். கொடுக்காதீர்கள். உடைந்த எலும்பாக இருந்தால் இழுத்தே கெடுத்துவிடுவார். ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, கோணலாகத் தெரிந்தாலோ மடக்க முடியாவிட்டாலோ நேரே எக்ஸ்ரேக்குப் போங்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறினாலோ வாந்தி வந்தாலோ, ஸ்கோர் கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது, ஆஸ்பத்திரிதான். "நா நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்று அவரே சொன்னாலும் சரி.

எப்படிப் பழகுவது

விழப் பழக கோர்ட் வேண்டாம், பள்ளிக்கூடத்து நீளம் தாண்டும் மணல் குழி போதும். மணலைக் கொத்திவிட்டு, கல் பொறுக்கி, பந்தை மெதுவாக உருட்டிவிட்டு, ஒவ்வொருவராக இடுப்பில் இறங்கி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததும் எழாமல் கரையில் நிற்பவருக்குப் பாஸ். பத்துத் தடவைக்கு மேல் ஒருவருக்கு வேண்டாம், மணல் வாயில் போய்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிடும். அப்புறம் கோர்ட்டில் பாயாமல், நின்ற நிலையில் இரண்டு பேர் நடுவே பந்தை உருட்டி, உட்கார்ந்து இடுப்பால் மறித்து எடுக்கிற பழக்கம். இருவர் கையும் இறுகினால் உடனே விசில், உடனே இருவரும் கையை எடுக்க வேண்டும், எடுக்காதவருக்குக் கோர்ட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு. முதல் வாரம் எல்லாரும் ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள்.